ஒன்றே முக்கால் பிஸ்கட்

டிரைவர் பொய் சொல்கிறார் என்று மருத்துவ அலுவலர் எழுதிவிட்டார். அதையும் பென்சிலில் எழுதவில்லை, பேனாவில் எழுதினார்.

பேருந்துக் கழகத்தில் இருபத்தாறு வருடமாக ஸ்டீயரிங் பிடிக்கிற மனிதர் அவர். சக்கரத்தில் ஒரு பூனை அடிபட்டது கிடையாது. சிவப்பு விளக்கைத் தாண்டியது கிடையாது. உடம்பில் மட்டும் சர்க்கரை ஏறிக்கொண்டே போனது. கழகத்தின் விதிப்படி, மூன்று மாதச் சராசரி ஒரு கோட்டைத் தாண்டினால் எச்சரிக்கை, இரண்டாவது முறை தாண்டினால் இறுதி எச்சரிக்கை, மூன்றாவது முறை தாண்டினால் வண்டி கழுவும் இடத்துக்கு மாற்றம். இது மூன்றாவது முறை. பக்கத்தில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தாள்.

"தினமும் என்னதான் சாப்பிடுறீங்க?" என்று கேட்டார் மருத்துவ அலுவலர்.

"டீயில சர்க்கரை விட்டு ஒரு வருஷம் ஆச்சு சார். இனிப்புப் பக்கமே போறதில்ல. ட்ரிப்புக்கு நடுவுல பசிச்சா இந்த பிஸ்கட் மட்டும்தான்."

சட்டைப் பையிலிருந்து பச்சைப் பாக்கெட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். முன்பக்கத்தில் ஒரு இலை, ஒரு இதயம், வேர்க்காமல் ஓடுகிற ஒரு ஆள். அவற்றுக்கு மேல், தூரத்திலிருந்தே தெரியும்படி, 'சர்க்கரை சேர்க்கப்படவில்லை'. மருத்துவ அலுவலர் பாக்கெட்டைத் திருப்பினார், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், இறக்கினார்.

"சர்க்கரை நாலு கிராம்னு போட்டிருக்கு. நாலு கிராம் ஒரு கணக்கே இல்ல. அப்ப நீங்க வேற எங்கயோ சாப்பிடுறீங்க."

"இல்ல சார்."

"பாக்கெட் பொய் சொல்லாது. மனுஷன்தான் சொல்லுவான்."

அப்புறம்தான் எழுதினார்: 'உணவுக் கட்டுப்பாட்டைப் பின்பற்றுவதாகப் பொய் கூறுகிறார்.' அவருடைய கையெழுத்து மற்ற நாட்களில் மருந்துக் கடைக்காரருக்கே விளங்காது. இந்த ஒரு வரியை மட்டும் முத்து முத்தாக எழுதியிருந்தார்.

வீட்டுக்கு வந்த டிரைவர் சட்டையைக் கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். கோபப்பட்டிருந்தால் மனைவிக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் தன்னைத்தானே விசாரித்துக்கொண்டிருந்தார்.

"ஒருவேளை தூக்கத்துல எழுந்து போய் ஏதாவது சாப்பிடுறேனா? நீ பாத்திருக்கியா?"

"தூக்கத்துல திரும்பிப் படுக்கவே உங்களுக்கு ஆள் வேணும்."

"அப்ப எப்படி ஏறுது?"

அவள் தையல்காரி. வீட்டின் முன்னறைதான் கடை. தெருவில் எல்லோருக்கும் அவள் தையல்காரம்மா. இருபது வருடமாக மனிதர்களை அளந்தே பிழைக்கிறவள். இடுப்பு முப்பத்திரண்டு என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களின் இடுப்பு முப்பத்தாறாக இருப்பதை வாரத்துக்கு நாலு தடவை பார்ப்பவள். சொல்கிற அளவு ஒன்று, டேப் காட்டுகிற அளவு ஒன்று என்பதில் அவளுக்கு ஆச்சரியம் எதுவும் கிடையாது. ஆனால் அவள் அறிந்தவரை, அளவில் பொய் சொல்லத் தெரியாத ஒரே ஆள் அவள் புருஷன்தான். அந்த மனிதனைப் பொய்யன் என்று எழுதியது அவள் நெஞ்சில் ஊசி மாதிரி குத்திக்கொண்டே இருந்தது.

கறுப்புத் துணியில் கறுப்பு நூல் பிரிக்கும்போது அவள் பயன்படுத்துகிற பூதக்கண்ணாடி ஒன்று உண்டு. அதை எடுத்து, பாக்கெட்டின் பின்பக்கத்தை வெட்டு மேஜையில் விரித்து, ஜன்னல் வெளிச்சத்தில் படித்தாள். பொடி எழுத்து, அதிலும் வெளிர்பச்சைமேல் பச்சை. மூன்றாவது வரியில் பிடித்துவிட்டாள்.

சர்க்கரை நான்கு கிராம் என்பது சரிதான். ஆனால் அது ஒரு பரிமாறும் அளவுக்கு. பரிமாறும் அளவு: ஒன்றே முக்கால் பிஸ்கட். பாக்கெட்டில் உள்ள பரிமாறும் அளவுகள்: பதினாறு.

பாக்கெட்டில் இருபத்தெட்டு பிஸ்கட். டிரைவர் ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட். சாக்பீஸை எடுத்து மேஜையிலேயே எழுதினாள். பதினாறு நாலு அறுபத்து நாலு. பாசி மணி நிறுக்கிற சின்னத் தராசில் ஒரு டீஸ்பூன் சர்க்கரையைத் தலைதட்டி நிறுத்துப் பார்த்தாள். நாலு கிராம். அப்புறம் ஒரு நீலத் துணியை விரித்து அதன்மேல் பதினாறு ஸ்பூன் கொட்டிவிட்டுப் புருஷனைக் கூப்பிட்டாள்.

அவர் அந்தக் குவியலை வெகுநேரம் பார்த்தார்.

"இதையா சாப்பிட்டேன்?"

"தினமும். அதுவும் மருந்து மாதிரி, வேளை தவறாம."

"டீயில ஒரு ஸ்பூனை விட்டுட்டு இதை..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

மறுநாளே மருத்துவ அலுவலரிடம் போய்க் கணக்கை வைத்தாள். அவர் காகிதத்தைத் தொடாமலே பார்த்தார்.

"யார் பெருக்கினது?"

"நான்தான்."

"நீங்க என்ன படிச்சிருக்கீங்க?"

"பெருக்கல் வரைக்கும் படிச்சிருக்கேன்."

"இப்படி ஆளாளுக்குப் பெருக்கிட்டு வந்தா ஆபீஸ் நடத்த முடியாதும்மா. முழுப் பாக்கெட்ல அறுபத்து நாலு கிராம்னு பொட்டலக் குறிப்பு ஆணையத்துல எழுதி, முத்திரை வச்சு வாங்கிட்டு வாங்க. அப்ப அந்த வரியை மாத்துறேன், மூணு மாசம் டைமும் தர்றேன். பத்தொம்பது நாள்ல ஃபைலை மூடிடுவேன். அதுக்கப்புறம் அவர் ஹோஸ் பைப் பிடிக்கவேண்டியதுதான்."

உணவுப் பொட்டலக் குறிப்பு ஆணையம் ஏழு மாடிக் கட்டடத்தில் இருந்தது. வாசலில் சுவர் உயரத்துக்கு ஒரு பலகை: 'வாங்கும் முன் படியுங்கள்.' எழுத்து ஒவ்வொன்றும் ஒரு ஆள் உயரம். அதன் கீழே ஆணையத்தின் அலுவல் நேரம் எழுதியிருந்தது. அதைப் படிக்கத் தையல்காரம்மா பூதக்கண்ணாடியை எடுக்கவேண்டியிருந்தது.

விசாரணைக் கவுண்டரில் இருந்த குமாஸ்தா ஒரு படிவத்தை நீட்டினார். விண்ணப்பிப்பவர் யார் என்பதற்கு மூன்று கட்டங்கள்: தயாரிப்பாளர், அச்சகத்தார், ஆய்வாளர்.

"நான் இதுல எதுவும் இல்லீங்களே. சாப்பிடுறவங்க வீட்டுலேர்ந்து வந்திருக்கேன்."

"சாப்பிடுறவங்களுக்குக் கட்டம் இல்லம்மா. இதுவரைக்கும் யாரும் வந்ததில்ல."

"பொட்டலக் குறிப்பு சாப்பிடுறவங்களுக்குத்தானே?"

குமாஸ்தா நல்ல மனிதர். யோசித்துப் பார்த்தார். இந்தக் கோணம் அவருக்கு முன்பு தோன்றியதில்லை என்பது முகத்தில் தெரிந்தது. கடைசியில், "தையல் மெஷின் வச்சிருக்கீங்கல்ல, அதுவும் மெஷின்தானே" என்று சொல்லி அவளை அச்சகத்தார் என்று பதிவு செய்து, மூன்றாம் மாடிக்குத் துணை இயக்குநரிடம் அனுப்பினார். மாடி ஏறச் சீட்டு தரவேண்டிய அந்தக் குமாஸ்தாவே மறுநாளிலிருந்து மூன்று நாள் விடுப்பில் போய்விட்டதாலும், துணை இயக்குநர் பயிற்சிக்குப் போய்விட்டதாலும், மூன்றாம் மாடி ஏறி முடிக்க அவளுக்கு எட்டு நாள் ஆனது.

துணை இயக்குநரின் அறைச் சுவர் முழுக்கப் பாக்கெட்டுகள் சட்டம் போட்டுத் தொங்கின. எல்லாவற்றிலும் முன்பக்கம் வெளியே தெரிந்தது.

"எங்க குறிப்புல என்ன குறை?" என்று அவர் அன்பாகவே கேட்டார்.

"படிக்க முடியலைங்க."

"அச்சிடப்படணும்னுதாம்மா சட்டம். படிக்கப்படணும்னு சட்டத்துல எங்கயும் இல்ல. எழுத்து கண்ணுக்குத் தெரியுதா?"

"ஏதோ எறும்பு ஊர்ற மாதிரி தெரியுது."

"தெரியுதில்ல, அது போதும். எங்க ஆளுங்க மாசம் நாப்பதாயிரம் பாக்கெட் பாக்குறாங்க. நம்பர் இருக்கான்னு பாப்பாங்க. இருந்தா பாஸ்."

"சரியான நம்பரான்னு?"

"அதைப் பாத்தா கம்பெனி மேல சந்தேகப்படுற மாதிரி ஆயிடும். பழகுன முகங்க. நல்லா இருக்காது."

தையல்காரம்மா பாக்கெட்டை மேஜைமேல் வைத்தாள். "சர்க்கரை சேர்க்கப்படவில்லைன்னு முன்னாடி இருக்கு. பின்னாடி குளுக்கோஸ் பாகு, பேரீச்சைப் பாகு, சோளப் பாகு, பழப் பாகு, மால்ட் பாகுன்னு அஞ்சு பாகு இருக்கு. அது சர்க்கரை இல்லீங்களா?"

துணை இயக்குநருக்கு முகம் மலர்ந்துவிட்டது. தன் துறையைப் பற்றி யாரும் இவ்வளவு நெருக்கமாகக் கேட்டதில்லை.

"நல்ல கேள்வி. சேர்க்கிறதுன்னா என்ன? ஏற்கனவே இருக்கிற ஒண்ணுல இன்னொண்ணைப் போடுறது. இவங்க அண்டாவுல முதல்ல பாகை ஊத்திடுறாங்க. அப்புறம்தான் மாவைப் போடுறாங்க. அப்ப சேர்க்கப்பட்டது எது? மாவு. சர்க்கரை அங்க முன்னாடியே இருந்தது. நாங்க ரெண்டு வருஷம் கமிட்டி போட்டுக் கண்டுபிடிச்சது இது."

"பொருள் பட்டியல்ல எது எடை அதிகமோ அதைத்தானே முதல்ல எழுதணும்? மாவு முதல்ல, எண்ணெய் ரெண்டாவது. பாகு அஞ்சும் கடைசில சிதறி நிக்குது. அஞ்சையும் ஒண்ணாக் கூட்டினா எண்ணெயைத் தாண்டி மாவுக்குப் பக்கத்துல வந்து நிக்கும்."

"ஆமா, வந்துடும். அதனாலதான் கூட்டுறதில்ல."

அவர் இதை மறைவாகவோ குரலைத் தாழ்த்தியோ சொல்லவில்லை. கடிகாரம் ஏன் வலப்பக்கம் சுற்றுகிறது என்று விளக்குகிறவர் மாதிரி சொன்னார். தையல்காரம்மா மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டு, வந்த காரியத்துக்கு வந்தாள்.

"சரிங்க. எனக்கு ஒரே ஒரு வரி போதும். முழுப் பாக்கெட்ல அறுபத்து நாலு கிராம்னு எழுதி ஒரு முத்திரை வச்சுக் குடுங்க. எங்க வீட்டுக்காரர் வேலை அதுல இருக்கு."

துணை இயக்குநரின் முகம் மாறியது. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"பெருக்கல் எங்க ஆணையத்துக்கு அனுமதிக்கப்படலம்மா."

"நாலைப் பதினாறால பெருக்கணும், அவ்வளவுதானே?"

"அதான் சொல்றேன். நாலு எங்க பொறுப்பு. பதினாறும் எங்க பொறுப்பு. ரெண்டும் வேற வேற செக்‌ஷன். அதுக்கு நடுவுல நடக்கிறது வாங்குறவங்க பொறுப்பு. ஒருத்தர் ஒன்றே முக்கால் பிஸ்கட் சாப்பிட்டா என்ன ஆகும்னு நாங்க சொல்லிட்டோம். அதுக்கு மேல சாப்பிடுறவரைப் பத்தி அரசாங்கத்துக்கு எதுவும் தெரியாது."

"ஒன்றே முக்கால் பிஸ்கட்டோட நிறுத்துறவங்க யாருங்க? அப்படி ஒருத்தரை நான் பார்த்ததே இல்ல."

"நாங்க பார்த்திருக்கோம்" என்றார் துணை இயக்குநர், கொஞ்சம் பெருமையாகவே. "இங்கதான் வேலை பாக்குறார். வாங்க, காட்டுறேன்."

ஐந்தாம் மாடியின் கடைசியில் ஒரு கண்ணாடி அறை. உள்ளே வெள்ளை விரிப்புப் போட்ட மேஜை. மேஜைக்குப் பின்னால் ஐம்பது வயதில் ஒரு பருத்த மனிதர். எதிரே ஒரு பெரிய பதிவேடும் பதிவாளரும். பருத்தவர்தான் மாதிரி உண்பவர். அது அவருடைய பதவி. நாட்டில் விற்கிற எல்லாப் பண்டங்களின் பரிமாறும் அளவும் அவர் வாயிலிருந்து வந்ததுதான். புதிதாக ஒரு பிஸ்கட் சந்தைக்கு வந்தால் அவர் முன்னால் வைப்பார்கள். ஒன்றைச் சாப்பிடுவார். இரண்டாவதை முக்கால் கடித்துவிட்டுக் கால் துண்டைத் தட்டில் வைப்பார். பதிவாளர் எழுதுவார். முத்திரை விழும்.

துணை இயக்குநரை யாரோ தொலைபேசிக்குக் கூப்பிட்டார்கள். பதிவாளர் பேனாவுக்கு மை நிரப்பப் போனார். மாதிரி உண்பவர் தட்டிலிருந்த கால் துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெற்ற பிள்ளையை ரயிலேற்றிவிட்டு நிற்பவரின் பார்வை அது.

"அண்ணா, நிஜமாவே உங்களுக்கு இது போதுமா?" என்று கேட்டாள் தையல்காரம்மா.

அவர் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னாடி, வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், முழு ஆணையமும் கூடியிருந்தது. பிஸ்கட்டை வச்சாங்க. எனக்கு அன்னைக்கு இடது கடவாய்ப் பல்லுல வலி. ரெண்டாவது பிஸ்கட்டைக் கடிச்சு முடிக்க முடியல. கால் துண்டை வச்சுட்டேன். உடனே எழுதிட்டாங்க."

"மறுநாள் சொல்லியிருக்கலாமே?"

"சொன்னேன்மா. பல்லை எடுத்துட்டு வந்து காட்டினேன். பதிவேட்டுல அடித்தல் திருத்தல் கூடாதுன்னு விதி. முழு ஆணையமும் கூடியிருக்கிற நேரத்துல நான் எவ்வளவு சாப்பிடுறேனோ அதுதான் அளவு. மறுபடி அவங்க கூடவே இல்ல. அதுலேர்ந்து தினமும் அந்தப் பல்வலியை நடிச்சுட்டு இருக்கேன்."

"அப்ப பசிக்கு?"

"வீட்டுக்குப் போற வழியில இதே பாக்கெட் ஒண்ணு வாங்கிப் பஸ்லயே முடிச்சுடுவேன்."

"முழுசாவா?"

"பிரிச்ச பாக்கெட்டை நடுவுல யாரால வைக்க முடியும்?"

தையல்காரம்மா பையிலிருந்து காகிதத்தை எடுத்து அவரிடம் காட்டினாள். பதினாறு நாலு அறுபத்து நாலு. பதினாறு ஸ்பூன். மாதிரி உண்பவர் அதை இரண்டு முறை படித்தார். அந்தப் பதினாறும் அந்த நாலும் அவர் வாயிலிருந்து பிறந்தவை. ஒன்றோடு ஒன்றைச் சேர்த்து அவரும் இதுவரை பார்த்ததில்லை.

"டாக்டர் எனக்கும் எல்லையில இருக்குன்னு சொன்னார்" என்றார் மெதுவாக. "நான்தான் சர்க்கரையே சாப்பிடுறதில்லையேன்னு அவர்கிட்ட சண்டை போட்டேன்."

"எங்க வீட்டுக்காரரும் அப்படித்தாண்ணா சொன்னார். அவரைப் பொய்யர்னு எழுதிட்டாங்க."

மாதிரி உண்பவர் காகிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். பதிவாளர் வந்துவிட்டார். அன்று அடுத்த பாக்கெட்டுக்கு மாதிரி உண்பவர் ஒன்றே முக்கால் பிஸ்கட்டைச் சாப்பிட்டார். கால் துண்டைத் தட்டில் வைக்கும் முன் அதை ஒருமுறை வாய்வரை கொண்டுபோனதைத் தையல்காரம்மா மட்டும் பார்த்தாள்.

முத்திரைக் கடிதம் தர ஆணையத் தலைவருக்குத்தான் அதிகாரம் என்று துணை இயக்குநர் சொல்லிவிட்டார். தலைவரை எங்கே பார்ப்பது? பொதுக் கூட்டத்தில். பொதுக் கூட்டம் எப்போது? இருபத்திரண்டு வருடத்துக்குப் பிறகு முழு ஆணையமும் கூடப்போகிறது, அடுத்த வாரம். தையல்காரம்மா விரல் விட்டு எண்ணினாள். கோப்பு மூடுவதற்கு முந்தைய நாள்.

அன்று அரங்கம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் பிஸ்கட் கம்பெனிக்காரர்கள், மேடையில் பதின்மூன்று உறுப்பினர்கள், ஓரத்தில் பதிவேட்டோடு பதிவாளர், நடுவில் வெள்ளை விரிப்பு மேஜை, அதன் பின்னால் மாதிரி உண்பவர், அவர் முன்னால் ஒரு பச்சைப் பாக்கெட். டிரைவரும் வந்து கடைசி வரிசையில் மனைவியோடு உட்கார்ந்திருந்தார். யூனிஃபார்மில்தான் வந்திருந்தார். நாளைக்கப்புறம் போட முடியுமோ என்னவோ என்று அவர் காலையில் சொன்னதை அவள் காதில் வாங்காத மாதிரி இருந்துவிட்டாள்.

தலைவர் பேச எழுந்தார். சிவந்த, செழித்த மனிதர்.

"நாட்டில் சர்க்கரை நோய் பெருகிவருகிறது. இதைப் பார்த்துக்கொண்டு ஆணையம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்காது. பிஸ்கட்டில் சர்க்கரையைக் குறைக்கச் சொன்னோம். ருசி போய்விடும் என்று கம்பெனிகள் வருத்தப்பட்டன. அந்த வருத்தத்தில் நாங்களும் பங்குகொண்டோம். பிறகு யோசித்தோம். பிஸ்கட்டை ஏன் தொந்தரவு செய்யவேண்டும்? பரிமாறும் அளவைக் குறைத்தால் என்ன?"

முன்வரிசை கைதட்டியது.

"இன்று முதல் பரிமாறும் அளவு அரைக்கால் பிஸ்கட். அதாவது ஒரு பிஸ்கட்டில் எட்டில் ஒரு பங்கு. அதில் சர்க்கரை கால் கிராமுக்குச் சற்று மேல். அரை கிராமுக்குக் கீழே இருந்தால் பூஜ்யம் என்று அச்சிடலாம் என்பது நம் விதி. நாளைக் காலையிலிருந்து இந்த நாட்டில் எந்தப் பிஸ்கட்டிலும் சர்க்கரை இருக்காது. ஒரு நோயை ஒரே நாளில் ஒழித்த முதல் ஆணையம் என்ற பெருமை நமக்குக் கிடைக்கிறது. அடுத்து உப்பு. அதற்கடுத்து எண்ணெய். இதே வேகத்தில் போனால் ஐந்தாண்டுகளில் மக்கள் எதுவுமே சாப்பிடாதவர்களாக இருப்பார்கள், காகிதத்தில்."

தையல்காரம்மா எழுந்து நின்றாள். "ஐயா, முழுப் பாக்கெட்ல எவ்வளவுன்னு சொல்லுங்க."

அரங்கம் திரும்பிப் பார்த்தது. துணை இயக்குநர் தலைவரின் காதில் ஏதோ சொன்னார். தலைவர் புன்னகைத்தார்.

"அச்சகத்திலிருந்து வந்திருக்கும் சகோதரி பெருக்கலைப் பற்றிக் கேட்கிறார். நல்லது. நான் ஒன்று கேட்கிறேன். நாகரிகமான எந்த மனிதன் ஒரு பாக்கெட்டை முழுசாகச் சாப்பிடுவான்?"

"என் புருஷன் சாப்பிட்டார். பச்சைப் பாக்கெட்ல நீங்க எழுதினதை நம்பிச் சாப்பிட்டார். இப்ப அவரைப் பொய்யர்ங்கிறாங்க. நாலைப் பதினாறால பெருக்க இத்தனை பேர்ல ஒருத்தருக்குக் கூடவா வராது?"

"நம்பியது அவர் தவறு, சகோதரி. குறிப்பு என்பது நம்புவதற்கு இல்லை. சட்டத்துக்கு. உட்காருங்கள். மாதிரி உண்பவர் இப்போது அரைக்கால் பிஸ்கட்டை உண்டு காட்டுவார்."

அவள் உட்காரவில்லை.

மாதிரி உண்பவர் பாக்கெட்டைப் பிரித்தார். ஒரு பிஸ்கட்டை எடுத்தார். எட்டாக நறுக்கிவைக்கச் சின்னக் கத்தி வைத்திருந்தார்கள், அதை ஓரமாக நகர்த்தினார். முழு பிஸ்கட்டையும் வாயில் போட்டுக்கொண்டார். தலைவர் லேசாகச் செருமினார். இரண்டாவதை எடுத்தார். முக்காலில் நிறுத்துவார் என்று ஐந்தாம் மாடி ஊழியர்கள் பழக்கதோஷத்தில் காத்திருந்தார்கள். அவர் நிறுத்தவில்லை. மூன்று, நாலு, ஐந்து.

"என்னய்யா பண்றீங்க?" என்றார் தலைவர், ஒலிவாங்கி முன்னால் இருப்பதை மறந்து.

"சாப்பிடுறேன் சார்."

"நிறுத்துங்க."

"இன்னும் பசிக்குது சார்."

துணை இயக்குநர் பதிவாளரிடம் ஓடினார். "எழுதாதய்யா." பதிவாளர் இருபத்திரண்டு வருடத்தில் முதல் முறையாக வாய் திறந்தார். "முழு ஆணையமும் கூடியிருக்கு. உள்ள போறதை எழுதணும். விதி எண் மூணு." கோடு கோடாகப் போட்டுக்கொண்டே போனார்.

பாக்கெட்டைப் பிடுங்கலாமா என்று உறுப்பினர்கள் கூடிப் பேசினார்கள். உண்ணும்போது மாதிரி உண்பவரைத் தொட்டால் அளவு செல்லாது, ஆணையமே கலைந்துவிடும் என்று ஒரு விதி இருந்தது. அதை எழுதியவர் தலைவர்தான். கூட்டத்தைக் கலைத்துவிடலாம் என்றார் ஒருவர். கலைக்கத் தீர்மானம் வேண்டும், தீர்மானம் எடுக்க மாதிரி உண்பவர் சாப்பிட்டு முடிக்கவேண்டும் என்றார் இன்னொருவர். முன்வரிசைக்காரர்கள் கடிகாரத்தைப் பார்த்தார்கள். இருபதாவது பிஸ்கட்டில் அவருக்கு வேர்த்தது. தையல்காரம்மா மேடை ஓரம் வரை போய், "அண்ணா, போதும். உங்க உடம்பு" என்றாள். அவர் கையால் இரு என்று காட்டினார். தண்ணீர் குடித்தார், மறுபடி எடுத்தார். கடைசி வரிசையில் டிரைவர் எழுந்து நின்றுவிட்டார். அவர் வாய் எண்ணிக்கொண்டிருந்தது.

இருபத்தெட்டாவது பிஸ்கட் முடிந்ததும் மாதிரி உண்பவர் காலிப் பாக்கெட்டை விரித்துத் தட்டி, தூளையும் வாயில் போட்டுக்கொண்டார்.

"இதுதான் என் அளவு" என்றார். "எல்லாருக்கும் இதுதான். எனக்கும் இதுதான் கடைசிப் பாக்கெட். நாளைலேர்ந்து வேற ஆளைப் பாத்துக்குங்க."

பதிவாளர் கம்பெனி கொடுத்திருந்த முழுப் பாக்கெட் கணக்கைப் பார்த்து எழுதி, மையை ஒற்றி எடுத்தார். எழுந்து நின்று, விதிப்படி உரக்கப் படித்தார். "பரிமாறும் அளவு, இருபத்தெட்டு பிஸ்கட். பாக்கெட்டில் உள்ள பரிமாறும் அளவு, ஒன்று. பரிமாறும் அளவில் சர்க்கரை, அறுபத்து நாலு கிராம்." முத்திரையை ஓங்கிக் குத்தினார்.

தலைவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஆணையம் அடுத்து எப்போது கூடுமோ அதுவரை அந்த வரியை யாராலும் அடிக்க முடியாது. தையல்காரம்மா பதிவாளர் முன்னால் போய் நின்று சான்று நகல் கேட்டாள். அச்சகத்தாருக்கு நகல் உண்டு என்று விதியில் இருந்ததால் அவர் மறுபேச்சில்லாமல் எழுதிக் கொடுத்தார்.

மறுநாள் கணவனும் மனைவியுமாக மருத்துவ அலுவலர் முன்னால் போய் உட்கார்ந்தார்கள். அவர் நகலைப் படித்தார். முத்திரையை விரலால் தடவிப் பார்த்தார். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

"அறுபத்து நாலா?"

"நான் பெருக்கினப்பவும் அதுதான் வந்தது" என்றாள் தையல்காரம்மா.

"சரி. மூணு மாசம் டைம் எழுதிடுறேன். அதுவரைக்கும் வண்டி ஓட்டட்டும். சராசரி இறங்கலைன்னா அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக்கூடாது. இந்தப் பிஸ்கட்டை நிறுத்தச் சொல்லுங்க."

"பத்தொம்பது நாளா தொடலைங்க. அந்த வரி?"

"எந்த வரி?"

"பொய் கூறுகிறார்னு எழுதினீங்களே."

"அது பழைய வரிம்மா. கீழ புதுசா எழுதிட்டேனே. மேல இருந்தா என்ன? யாரும் படிக்கப்போறதில்ல."

"நான் படிப்பேன். அவரும் படிப்பார்."

மருத்துவ அலுவலர் அவளைப் பார்த்தார். எழுந்திருக்கிற மாதிரி தெரியவில்லை. வெளியே வரிசையில் இருந்தவர்கள் கதவிடுக்கில் எட்டிப் பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். அவர் பெருமூச்சு விட்டுக் கோப்பைத் திருப்பினார், பேனாவின் மூடியைக் கழற்றினார், அந்த வரியின்மேல் மெல்லிசாக ஒரு கோடு இழுத்தார்.

வந்ததிலிருந்து வாய் திறக்காத டிரைவர் முன்னால் குனிந்து பார்த்தார்.

"நல்லா அழுத்தி அடிங்க சார்" என்றார். "இன்னும் படிக்க முடியுது."